இறக்கையோடு இறக்கை மோதும்போது



2022ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் தேதி. பாட்னாவிலிருந்து டெல்லிக்கு 185 பயணிகளுடன் ஒரு ஸ்பைஸ்ஜெட் போயிங் 737 விமானம் கிளம்பியது. மேலே எழுந்த சற்று நேரத்திலேயே அதன் இடப்பக்க என்ஜினிலிருந்து நெருப்பு பறப்பதைக் கீழே இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். சிலர் கைப்பேசியில் படமும் எடுத்தார்கள். விமானி மோனிகா கன்னா அந்த என்ஜினை நிறுத்திவிட்டு, மீதமிருந்த ஒரே என்ஜினோடு விமானத்தைத் திருப்பிப் பாட்னாவிலேயே பத்திரமாக இறக்கினார். பிறகு சோதித்துப் பார்த்தபோது, பறவை மோதியதில் என்ஜினின் முன்புற விசிறியில் மூன்று இறக்கைகள் சேதமடைந்திருந்தது தெரியவந்தது.

விமானியைப் பாராட்டி எழுதாத பத்திரிகை இல்லை. அது நியாயமான பாராட்டுதான். ஆனால் அந்த மூன்று இறக்கைகளைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அவை அடிபட்டன. ஆனால் உடைந்து பறந்து பயணிகள் அறையைத் துளைக்கவில்லை. அதனால்தான் விமானி தன் திறமையைக் காட்ட வாய்ப்பே கிடைத்தது.

லிட்டில் இந்தியாவில் பயண முகவரிடம் திருச்சிக்கோ சென்னைக்கோ டிக்கெட் எடுப்பவர், பெட்டியின் எடை 30 கிலோவைத் தாண்டுமா என்று கவலைப்படுவார். ஜன்னலோர இருக்கை கிடைக்குமா என்று கேட்பார். தாம் ஏறப்போகும் விமானத்தின் முன்விசிறி எதனால் செய்யப்பட்டது என்று கேட்பவர் இல்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லைதான். என்றாலும், அந்தக் கேள்விக்கான விடையில் ஒரு பகுதி இதே தீவில், சிலேத்தாரில் இருக்கிறது என்பது தெரிந்தால் சற்று வியப்பாக இருக்கும்.

முதலில் இந்த விசிறி என்றால் என்ன என்று பார்க்கலாம். ஜெட் என்ஜினை முன்னால் நின்று பார்த்தால் தெரியும் பெரிய சக்கரம்தான் அது. சிங்கப்பூர் ஏர்லைன்சின் ஏர்பஸ் ஏ350 விமானங்களில் உள்ள டிரென்ட் எக்ஸ்டபிள்யூபி என்ஜினில் இந்த விசிறியின் குறுக்களவு 3 மீட்டர். அதில் 22 இறக்கைகள். உள்ளே இழுக்கும் காற்றில் பத்தில் ஒன்பது பங்கு எரிபொருள் எரியும் இடத்துக்குப் போவதே இல்லை. விசிறி அதைப் பின்னால் தள்ளுகிறது, விமானம் முன்னால் போகிறது. வீட்டு மேசை விசிறியைத் தரையில் சக்கரம் வைத்து நிறுத்தினால் அது மெல்லப் பின்வாங்குமே, அதே கதைதான்.

ஆனால் வேகம் வேறு. வீட்டுக் கூரை விசிறி நிமிடத்துக்கு 300 முறைக்குச் சற்று மேலே சுற்றும். இது ஏறக்குறைய 2,700 முறை. 3 மீட்டர் குறுக்களவு உள்ள சக்கரம் அந்த வேகத்தில் சுற்றினால், இறக்கையின் நுனி மணிக்கு 1,500 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒலியைவிட வேகம். இந்தச் சுழற்சி ஒவ்வோர் இறக்கையையும் அதன் வேரிலிருந்து வெளியே பிடுங்கப் பார்க்கும். அந்த விசை ஏறக்குறைய நூறு டன். சிராங்கூன் சாலையில் ஓடும் இரட்டை மாடிப் பேருந்துகள் எட்டை ஓர் இறக்கையில் கட்டித் தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பறவை வருவதற்கு முன்பே இவ்வளவு பாரம்!

இப்போது பறவை வருகிறது. உண்மையில் பறவை வருவதில்லை, விமானம்தான் போய் மோதுகிறது. ஓடுபாதையை விட்டு எழும் நேரம், வேகம் மணிக்கு 370 கிலோமீட்டர் என்று கொள்வோம். அதாவது நொடிக்கு 103 மீட்டர். விசிறி நொடிக்கு 45 முறை சுற்றுகிறது, இறக்கைகள் 22. எனவே ஒரு நொடியில் ஏறக்குறைய ஆயிரம் இறக்கைகள் ஒரே இடத்தைக் கடந்து போகின்றன. 103 மீட்டரை ஆயிரத்தால் வகுத்தால் பத்து சென்டிமீட்டர். பறவை முழுதாக ஓர் இறக்கையில் மோதுவதே இல்லை என்பது இந்தக் கணக்கிலிருந்து தெரிகிறது. முதல் இறக்கை அதில் பத்து சென்டிமீட்டர் துண்டை வெட்டி எடுத்துக்கொள்கிறது, அடுத்த இறக்கை அடுத்த துண்டை. முப்பது சென்டிமீட்டர் நீளப் பறவை என்றால் மூன்று அல்லது நான்கு இறக்கைகள் அடியைப் பங்கு போட்டுக்கொள்ளும். மீன் கடையில் வஞ்சிரம் துண்டு போடுவது போலத்தான். எல்லாம் ஒரு நொடியின் முன்னூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பறவை என்பது மெல்லிய சதை, எலும்பு, இறகு. அது எப்படி உலோகத்தை வளைக்கும் என்று கேட்கலாம். நீச்சல் குளத்தில் உயரத்திலிருந்து வயிறு அடிபட விழுந்தவர்களுக்கு விடை தெரியும். வேகம் கூடினால் தண்ணீரும் கல்லாகும். இந்த வேகத்தில் பறவையின் உடல் கிட்டத்தட்டத் தண்ணீரைப் போலவே நடந்துகொள்கிறது. இறக்கையின் மேல் பாய்ந்து பரவுகிறது. அடி விழுவது இறக்கையின் முன்விளிம்பில். அந்த விளிம்பு சுருளும், குழிவிழும். அந்த அதிர்வு அலைபோல் இறக்கையின் வேர் வரை ஓடும். இறக்கை பின்னால் வளைந்து, முறுக்கிக்கொண்டு, மறுபடி நிமிரும். பாதிக்கப்பட்ட இறக்கைகள் ஒரே பக்கம் இருப்பதால் சக்கரத்தின் சமநிலை கெட்டு என்ஜின் முழுவதும் குலுங்கத் தொடங்கும். பயணிகள் உணரும் 'டமார்' சத்தமும் நடுக்கமும் இதுதான். காற்றோட்டம் தடுமாறி என்ஜின் வாயிலிருந்தும் வாலிலிருந்தும் தீப்பிழம்பு வருவதும் உண்டு.

ஆகவே இறக்கை செய்பவருக்கு முன்னால் இருப்பது ஒரு சங்கடமான கேள்வி. கனமாகச் செய்தால் அடி தாங்கும், ஆனால் அந்தக் கனமே நூறு டன்னை நூற்றைம்பது டன்னாக்கிவிடும். லேசாகச் செய்தால் சுழற்சி எளிது, பறவை வந்தால் போச்சு.

கோழி சொன்ன தீர்ப்பு

இந்தக் கேள்வியில் தடுக்கி விழுந்த நிறுவனம் சாதாரண நிறுவனமல்ல, ரோல்ஸ்-ராய்ஸ். 1960களின் இறுதியில் லாக்ஹீட் டிரைஸ்டார் விமானத்துக்காக ஆர்பி211 என்ற என்ஜினை அது உருவாக்கிக்கொண்டிருந்தது. விசிறி இறக்கைகளை 'ஹைஃபில்' என்ற கார்பன் இழைப் பொருளால் செய்ய முடிவு செய்தார்கள். டைட்டேனியத்தைவிட மிக லேசானது, இழுவிசையைத் தாங்குவதில் கெட்டிக்காரப் பொருள். காகிதத்தில் எல்லாம் அழகாக இருந்தது.

1970இல் சோதனை. பறவை மோதலைச் சோதிக்க, காற்றழுத்தப் பீரங்கியில் இறந்த கோழியை வைத்துச் சுடுவார்கள். சுட்டார்கள். இறக்கை சுக்குநூறாகியது. காரணத்தைச் சமையலறையிலேயே காணலாம். அப்பளத்தின் இரு முனைகளையும் பிடித்து மெல்ல இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் நொறுங்கும். சப்பாத்தி வளையும், கிழியும், ஆனால் நொறுங்காது. அன்றைய கார்பன் இழை அப்பளம், டைட்டேனியம் சப்பாத்தி. வேறு வழியின்றி டைட்டேனியத்துக்கு மாறினார்கள். காலமும் பணமும் கரைந்தன. 1971 பிப்ரவரி 4ஆம் தேதி ரோல்ஸ்-ராய்ஸ் நொடித்துப்போனதாக அறிவிக்கப்பட்டது. பிரிட்டிஷ் அரசாங்கமே அதை எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. ஒரு கோழி ஒரு நிறுவனத்தைக் கவிழ்த்தது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். முழு உண்மை அதுவல்ல. ஒப்பந்த விலையும் செலவுக் கணக்கும் ஏற்கெனவே கைமீறிப் போயிருந்தன. கோழி கடைசி அடியைக் கொடுத்தவற்றில் ஒன்று.

(கோழிப் பீரங்கி பற்றி இன்னொரு கதையும் உலவுகிறது. வேறு ஏதோ நாட்டுப் பொறியாளர்கள் இரவல் வாங்கிச் சுட்டுப் பார்த்து, எல்லாம் உடைந்துபோக, 'கோழியை முதலில் உறைநிலையிலிருந்து எடுத்து இளக வையுங்கள்' என்று பதில் வந்ததாம். நடந்ததற்குச் சான்று இல்லை, சிரிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.)

அந்த அடிக்குப் பிறகு அவர்கள் தேடிய விடை, உள்ளே வெற்றிடமுள்ள அகலமான டைட்டேனிய இறக்கை. பழைய இறக்கைகள் ஒல்லியாகவும் நிறையவும் இருக்கும். ஆடாமல் இருக்க ஒன்றையொன்று தொட்டுக்கொள்ள நடுவில் ஒரு முட்டுக் கொடுத்திருப்பார்கள். அகலமான இறக்கைக்கு அந்த முட்டு வேண்டாம், எண்ணிக்கையும் குறையும். போயிங் 757 விமானத்துக்கான ஆர்பி211 என்ஜினில் 1984இல் இது சேவைக்கு வந்தது. பிறகு வந்த டிரென்ட் என்ஜின்களில் செய்முறை இன்னும் மாறியது.

சிலேத்தாரில் ஊதும் பூரி

ரோல்ஸ்-ராய்ஸ் சிலேத்தார் விண்வெளித் தொழிற்பூங்காவில் 2012இல் தன் வளாகத்தைத் திறந்தது. இந்த வெற்றிட டைட்டேனிய இறக்கைகள் பிரிட்டனுக்கு வெளியே செய்யப்பட்டது அங்கேதான் முதல்முறை. அந்த ஆண்டு செப்டம்பரில் இளவரசர் வில்லியமும் கேட்டும் சிங்கப்பூர் வந்தபோது அந்த வளாகத்துக்கும் போனார்கள். பத்திரிகைகள் கேட்டின் உடையைப் பற்றித்தான் அதிகம் எழுதின.

அங்கே நடக்கும் வேலை பொறியியல் படிக்காதவருக்கும் புரியக்கூடியது. மூன்று டைட்டேனியத் தகடுகள். அவற்றுக்கிடையே சில இடங்களில் மட்டும் ஒட்டாமல் இருக்க ஒரு பூச்சைக் கோலம் போடுவதுபோல் குறிப்பிட்ட வடிவில் பூசுகிறார்கள். பிறகு கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்தால், பூச்சு இல்லாத இடங்களில் மூன்று தகடுகளும் அணுவோடு அணுவாகக் கலந்து ஒன்றாகிவிடும். பசையில்லை, பற்றவைப்பில்லை. அதை முறுக்கி இறக்கையின் வளைவைக் கொடுக்கிறார்கள். கடைசியில் ஏறக்குறைய 900 பாகை செல்சியசில் அச்சுக்குள் வைத்து, உள்ளே ஆர்கான் வாயுவைச் செலுத்துகிறார்கள். எண்ணெய்ச் சட்டியில் பூரி உப்புவதுபோல் இறக்கை உப்புகிறது! அப்போது நடுத்தகடு இழுபட்டு, மேலும் கீழுமாக மடிந்து, இரும்புப் பாலத்தின் சட்டங்களைப் போல உள்ளே முக்கோணத் தாங்கிகளாகிவிடும். வெளியே பார்த்தால் முழு உலோகம், உள்ளே பெரும்பகுதி காற்று. கனமும் குறைவு, அடித்தால் நொறுங்காமல் வளையும் குணமும் போகவில்லை.

இந்தப் பூரிக்கு ஒரு கசப்பும் உண்டு. இங்கிலாந்தில் பார்னால்ட்ஸ்விக் என்ற சிற்றூர். ஃபிராங்க் விட்டிலின் ஜெட் என்ஜின் வளர்ந்த இடங்களுள் ஒன்று. 'ஆர்பி' என்ற பெயரில் உள்ள 'பி' அந்த ஊரைக் குறிப்பதுதான். கொவிட் காலத்தில் விமானங்கள் தரையில் முடங்கிக் கிடந்தபோது, 2020 ஆகஸ்டில், அந்த ஊரின் விசிறி இறக்கை வேலையைச் சிங்கப்பூருக்கு மாற்றப்போவதாக நிறுவனம் அறிவித்தது. ஏறக்குறைய 350 பேரின் வேலை ஊசலாடியது. அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், 2021 ஜனவரியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. சிங்கப்பூர்ச் செய்தியில் 'உயர்தொழில்நுட்ப வேலைகள்' என்று மகிழ்ச்சியோடு படித்ததன் மறுபக்கம், ஐம்பதாண்டுத் தொழில் பழகிய ஓர் ஊரின் பதற்றம். வேலை கிடைத்த இடத்திலிருந்து பார்ப்பவருக்கு இது கண்ணில் படுவதில்லை.

சிலேத்தாரில் ரோல்ஸ்-ராய்ஸ் மட்டுமல்ல, பிராட் அண்ட் விட்னியும் 2016இல் விசிறி இறக்கை ஆலை ஒன்றைத் திறந்தது. ஏர்பஸ் ஏ320 நியோ போன்ற சிறிய விமானங்களின் என்ஜினுக்கானவை அவை. அலுமினியக் கலவை இறக்கை, முன்விளிம்பில் மட்டும் டைட்டேனியக் கவசம். அந்த என்ஜினில் பற்சக்கரப் பெட்டி வைத்து விசிறியை மெதுவாகச் சுற்றவைப்பதால் இப்படிச் செய்ய முடிகிறது.

அப்பளமும் தோற்றுப் போய்விடவில்லை. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக், 1995இல் சேவைக்கு வந்த ஜிஇ90 என்ஜினில் கார்பன் இழை இறக்கையை வெற்றிகரமாகப் பயன்படுத்தியது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் இழைகளைப் பிணைக்கும் பிசின் நொறுங்காத வகையாக மேம்பட்டிருந்தது. அடி விழும் முன்விளிம்புக்கு டைட்டேனியத் தொப்பியும் மாட்டினார்கள். 2023இல் ரோல்ஸ்-ராய்சே 'அல்ட்ராஃபேன்' என்ற சோதனை என்ஜினில் கார்பன் இறக்கைக்குத் திரும்பியது.

சரி, எவ்வளவு பெரிய பறவையைத் தாங்க வேண்டும்? இங்கே விதிகளைச் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டும். பெரிய என்ஜின்களுக்கு 3.65 கிலோ எடையுள்ள ஒற்றைப் பறவையை, என்ஜின் முழு வேகத்தில் சுற்றும்போது, மணிக்கு 370 கிலோமீட்டரில் சுடுவார்கள். அதைத் தாங்குவது என்றால் தொடர்ந்து ஓடுவது என்று பொருளல்ல. தீப்பற்றி எரியாமல், துண்டுகள் கூட்டை உடைத்து வெளியேறாமல், நிறுத்தக்கூடிய நிலையில் இருந்தால் தேர்ச்சி. கூட்டமாகப் பறக்கும் நடுத்தரப் பறவைகளுக்குத்தான் கடுமையான விதி. பல பறவைகள் ஒரே நேரத்தில் புகுந்த பிறகும் என்ஜின் 75 விழுக்காடு உந்துவிசை தர வேண்டும், 20 நிமிடம் ஓட வேண்டும். விமானம் திரும்பி வந்து இறங்கும் நேரம் அது. ஒரு பெரிய பறவை ஒரு என்ஜினைத்தான் கெடுக்கும், கூட்டம் இரண்டையும் கெடுக்கும் என்பதே இந்த வேறுபாட்டின் காரணம்.

அந்தப் பயம் 2009 ஜனவரி 15ஆம் தேதி நியூயார்க்கில் நடந்தேவிட்டது. யூஎஸ் ஏர்வேஸ் ஏ320 விமானத்தின் இரண்டு என்ஜின்களிலும் கனடா வாத்துகள் புகுந்தன. விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியது, 155 பேரும் பிழைத்தார்கள். பலருக்கும் தெரியாத செய்தி, அங்கே விசிறி தோற்கவில்லை என்பது. இறக்கைகள் அடிபட்டாலும் தாங்கின. விசிறி சுழலும்போது பறவைத் துண்டுகளை வெளிப்பக்கமாக வீசிவிடும். மையத்துக்கு அருகே நேராகப் புகும் பறவையை அப்படி வீச முடியாது. வாத்துகள் நடுப்பகுதியில் புகுந்து உள்ளிருந்த சிறிய அழுத்தி இறக்கைகளை நாசம் செய்தன. அந்த என்ஜினுக்குச் சான்றிதழ் கொடுக்கப்பட்டபோது சோதித்த பறவை 1.8 கிலோ. வந்த வாத்துகள் அதைப்போல் இரண்டு மடங்கு.

சிங்கப்பூரர்கள் பலரும் 2010 நவம்பர் 4ஆம் தேதியை நினைவில் வைத்திருப்பார்கள். சாங்கியிலிருந்து 469 பேருடன் கிளம்பிய குவாண்டாஸ் ஏ380 விமானத்தின் என்ஜின் பாத்தாம் தீவுக்கு மேலே வெடித்தது. அது பறவையின் வேலையல்ல. எண்ணெய்க் குழாய் ஒன்றில் விரிசல், அதனால் தீ, அதனால் உள்ளே இருந்த டர்பைன் வட்டு உடைந்தது. விசிறி இறக்கை ஒன்று முறிந்தால் அதைப் பிடித்து நிறுத்த வலுவான கூடு உண்டு. அதைச் சோதித்த பிறகே சான்றிதழ். வட்டு உடைந்தால் பிடித்து நிறுத்தும் கூடு எந்த என்ஜினிலும் கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொள்வது அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது.

2024 டிசம்பர் 29ஆம் தேதி தென்கொரியாவின் முவானில் ஜெஜு ஏர் விமானத்தில் 179 பேர் இறந்தார்கள். இரண்டு என்ஜின்களிலும் பைக்கால் வாத்தின் இறகுகள் கிடைத்தன. ஆனால் சக்கரமின்றி இறங்கிய விமானம் ஓடுபாதைக்கு அப்பால் இருந்த கான்கிரீட் மேட்டில் மோதியதுதான் இத்தனை உயிர்களைக் குடித்தது. இறக்கையை எவ்வளவு கெட்டியாகச் செய்தாலும் தரையில் உள்ள மேட்டுக்கு அது மருந்தாகாது.

தரை என்றதும் இன்னொன்று. பறவை விமான நிலையத்துக்கு வருவது விமானம் பார்க்க அல்ல, சாப்பிட. இந்தியாவில் விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும்படி ஆடுமாடு அறுப்பதையும் குப்பை கொட்டுவதையும் விமான விதிகள் தடை செய்தன. பாட்னா போன்ற ஊர்களில் அது எந்த அளவு கடைப்பிடிக்கப்பட்டது என்பதை, ஓடுபாதைக்கு மேல் வட்டமிடும் பருந்துகளைக் கேட்டால் சொல்லும்.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. இங்கே தொல்லை தருவதாகப் பேசப்படுபவை காக்கை, மைனா, புறா. இவற்றில் காக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிள்ளான் வட்டாரக் காப்பித் தோட்டங்களில் புழுத் தொல்லையை ஒழிக்க இலங்கையிலிருந்து வீட்டுக் காக்கைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களைப் போலவே அவையும் கடல் கடந்து வேலைக்கு வந்தவைதான்! 2020 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்கீழ் காட்டுப் பறவைகளுக்கு உணவளிப்பது குற்றம். முதல் முறை 5,000 வெள்ளி வரை, மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம். தேக்கா வட்டாரத்தில் புறாவுக்குத் தானியம் தூவுகிறவர்களும், அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைக்க இடம் தேடுகிறவர்களும் இதனால் மனம் வருந்துவது உண்மை. தேக்காவில் தூவும் ஒரு கைப்பிடி அரிசி சாங்கியில் விமானத்தைக் கவிழ்த்துவிடும் என்று சொன்னால் அது மிகை. சட்டத்தின் நோக்கமும் விமானம் மட்டுமல்ல. ஆனால் பறவைக் கூட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது கிடைக்கும் உணவு என்பதும், பறவைக்கு வட்டார எல்லை தெரியாது என்பதும் மறுக்க முடியாதவை.

300 கிராம் எடையுள்ள ஒரு காக்கை பெரிய என்ஜினில் புகுந்தால் பெரும்பாலும் ஒரு கறையும் கருகிய வாடையும்தான் மிச்சம். அந்தக் கறையையும் துடைத்து எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதுண்டு. எந்தப் பறவை என்று தெரிந்தால்தான் அது எதைத் தின்ன வந்தது என்று தெரியும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிலையத்தில் இதற்கென்றே ஓர் இறகு ஆய்வுக்கூடம் இருக்கிறது.

அடுத்த முறை வாயிற்கதவருகே உட்கார்ந்திருக்கும்போது, 'தொழில்நுட்பக் காரணத்தால் தாமதம்' என்று அறிவிப்பு வந்தால் உடனே முணுமுணுக்காதீர்கள். கண்ணாடிக்கு வெளியே, என்ஜின் வாயில் ஒரு பொறியாளர் கைவிளக்கோடு நின்றுகொண்டு, விசிறியைக் கையாலேயே மெல்லச் சுற்றி, ஒவ்வோர் இறக்கையின் முன்விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சிறு வெட்டு என்றால் அரத்தால் தேய்த்துச் சமப்படுத்துவார். அளவுக்கு மீறியது என்றால் அந்த இறக்கையைக் கழற்றி வேறொன்றை மாட்டுவார்கள், சமநிலைக்காக எதிர்ப்பக்க இறக்கையையும் சேர்த்து மாற்றுவதுண்டு. அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும்.